ஒரு மிதிக்கு ஒரு சுற்று

ஆடி பிறந்தால், ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் ஊர் திரும்பும். வடக்கே மழை பிடித்துக்கொள்ளும். ஈரக் காட்டுக்குள் அவ்வளவு கனமான வண்டியை இறக்க முடியாது. பத்து மாதம் ஆண்கள் இல்லாமல் கிடந்த வீடுகளில் ஆண்குரல் கேட்கும். தெருவில் வண்டி கழுவிய தண்ணீர் ஓடும். புரட்டாசி பிறந்ததும் மறுபடி கிளம்பிப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் இளவழகன் கல்யாணத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போய் வந்தவர். போர் போடும் ரிக்கில் டிரில்லர். கல்லுக்குள் ராடு இறங்கும்போது எழும்பும் வெள்ளைத் தூசுக்கு நடுவே நின்று லீவரைப் பிடித்திருப்பது வேலை. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது.

ஒரு ஆடியில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. இருமல் நிற்காமல் ஈரோட்டில் காட்டினோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காண்பித்தார். கல்தூசு நுரையீரலில் தங்கிவிட்டது. தங்கியது வெளியே வராது. இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், மூச்சு முட்டும் அளவுக்கு எதுவும் செய்யக் கூடாது.

அவர் இறந்துபோய் இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பல் மாற்றிய ஒரு ஆவணி, புரட்டாசியைப் பற்றி.

சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அடுத்த வாரமே சேலம் போய், வளைந்த ஹேண்டில்பாரும் விரல் கனத்துக்கு டயரும் உள்ள ஒரு பழைய ரேஸ் சைக்கிளோடு வந்து இறங்கினார். ‘இதெதுக்குங்க, சாதா சைக்கிள் ஆகாதா?’ என்று கேட்டேன்.

“ராய்ப்பூர் ரோட்டுல விடியக்காலைல வரிசையாப் போவானுங்க புள்ள. நாங்க மேலெல்லாம் சுண்ணாம்பு பூசுனாப்பல நின்னு பாத்துக்கிட்டிருப்போம். அத்தன வேகத்துல போறானுங்க, சத்தமே வராது. துளி சத்தம் வராது.”

இருபத்திரண்டு வருஷம் காதைப் பிளக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன்.

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எந்தப் பக்கம் துணி காயப்போட்டாலும் கொல்லிமலை தெரியும். ஒன்றரை வருஷம் சமதரையில் மிதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல் பையன்களோடு மோகனூர் வரை போய், காவிரியைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு ஒரு தை மாதம், என்னிடம் சொல்லாமல் மலைக்குப் போனார். எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பத்தொன்றாவதில் இறங்கிக்கொண்டார். அன்னாசிப்பழ வண்டியில் சைக்கிளைப் படுக்க வைத்து வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கே அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

திட்ட வேண்டும் என்று நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வீணாகப் போயிற்று. அந்த ஆளைத் திட்ட முடியவில்லை. ஒரு கரண்டிக்கு மேல் சோறு வேண்டாம் என்பார். மாடிக்கு வருவதை விட்டுவிட்டார். மலை தெரியாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆறேழு மாதம் அப்படிப் போயிற்று.

ஆவணியில் ஒருநாள் பயறு புடைத்துக்கொண்டே கேட்டேன். “ஏனுங்க, அன்னிக்கு மலையில எறங்கிக்கிட்டீங்களே, மூச்சா, காலா?”

“காலு நெம்ப நல்லாத்தேன் இருந்துச்சு. மூச்சுதேன். ஒவ்வொரு மிதிக்கும் சிமிட்டி மூட்டையத் தூக்கறாப்பல தூக்கோணும். அதுக்குக் கீழ கியரு கெடையாது.”

“லாரியில இருக்குமில்லீங்க?”

“லாரியில இருக்கும்” என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை, நான் வேலை செய்யும் அங்கன்வாடிக்கு விடுமுறையான நாளில், ராசிபுரம் வழியாகச் சேலம் பஸ் ஏறினேன். சைக்கிள் வாங்கிய கடை கரீம் பாஷா என்பவருடையது. மூக்குக்கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க தங்கச்சி. மேஸ்திரி எங்க, ஆளையே காணோம்? வண்டியை ஓட்டுறாரா, இல்ல நீங்க அதுல துணி காயப்போடுறீங்களா?”

“துண்டு மட்டுந்தானுங்க பாய்.”

சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் இரண்டு பல் அடுக்குகளை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். கேசட் என்பார்கள். சின்னதில் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே போகும் வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“இது மேஸ்திரி வண்டியில இருக்கறது. பெரிய வட்டத்துக்கு இருபத்தஞ்சு பல்லு. இதுக்கு முப்பத்துநாலு. அவரு பெடல்கிட்ட இருக்கற சின்னச் சக்கரமும் முப்பத்துநாலு. அப்ப ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒரே ஒரு சுத்துதான் சுத்தும். இப்ப ஒண்ணேகாலுக்கு மேல சுத்துது. அந்த மேல இருக்கு பாருங்க, அதுதான் அவரு மூச்சை வாங்குது.”

“அப்ப இதைப் போட்டா மலை சுலபமாயிருமுங்களா?”

“மலை அப்படியேதான் இருக்கும் தங்கச்சி. நேரம் ஆகும். ரெண்டு மணி நேரத்துல ஏறுற எடத்துக்கு நாலு மணி நேரம் ஆகும். மெதுவாப் போறதுக்கு அவரு ஒத்துக்கணும். அதுக்கு எங்கிட்ட ஸ்பேர் கெடையாது.”

பெரிய பல்லுக்குச் செயினும் நீளம் வேண்டும், செயினைத் தள்ளுகிற கையும் நீளம் வேண்டும் என்று அவற்றையும் சேர்த்துக் கட்டினார். வண்டியைக் கொண்டு வந்தால் அரைமணி நேர வேலை என்றார். கொண்டு வர மாட்டார் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

“என்ன புள்ள இது, இட்லித்தட்டாட்டம்?”

“சைக்கிளுக்குங்க. மலையேறுறதுக்கு.”

“இதப் போட்டுக்கிட்டு ரோட்டுல போனா ஞாயித்துக்கெழம பசங்க சிரிக்கமாட்டானுங்க? ஏத்தத்துல நடக்கறவன் என்னையத் தாண்டிப் போவான்.”

டி.வி. மேஜையில் அது ஒன்பது நாள் கிடந்தது. பக்கத்து வீட்டு ராமாயி கோழிப்பண்ணை வேலை முடிந்து மோர் வாங்க வந்தவள், கையில் எடுத்துப் பார்த்து, “ஏனக்கா, முறுக்கு அச்சா?” என்றாள். அவர் உள்ளேயிருந்து, “ஆமா ராமாயி, எனக்குப் பல்லு போச்சுன்னு உங்கொக்கா வாங்கியாந்திருக்கறா” என்றார். ராமாயி சிரித்த சிரிப்பில் மோர் சிந்தியது. கிண்டல் வந்துவிட்டது, இனி வழிக்கு வருவார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏனுங்க, ரிக் வண்டி லோடோட மலை ஏறும்போது என்ன கியருல ஏறுவீங்க?”

“பஸ்ட்டு.”

“யாராச்சும் சிரிச்சாங்களா?”

“அப்ப லோடு இருந்துச்சு புள்ள.”

“இப்பவும் இருக்குதில்லீங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சைக்கிளை ஆணியிலிருந்து இறக்கி, என் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார்.

ஒப்பந்தம் பேசினோம். ஐப்பசி மழையும் அதற்குப் பின்னால் பனியும் வந்துவிட்டால் அவர் விடிகாலையில் வெளியே தலைகாட்டக் கூடாது. போவதென்றால் புரட்டாசிக்குள் போய்விட வேண்டும். நானும் மகள் இலக்கியாவும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவோம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியில் தொண்ணூறுக்குக் கீழே போனால் நிற்க வேண்டும். இருபது நிமிஷத்தில் அந்த அளவு மறுபடி ஏறாவிட்டால் ஸ்கூட்டரில் ஏறி வீடு. கடைசியாக டாக்டர் சொன்னது ஒன்று: பேச முடிகிற மூச்சில்தான் மிதிக்க வேண்டும். அதனால் பேசிக்கொண்டே வர வேண்டும்.

“எழுவது கொண்டைக்கும் பேசறதா? அத்தன பேச்சுக்கு நான் எங்க போவேன்?” என்றார்.

அடுத்த ஞாயிறு காலை தகரப் பந்தலுக்குக் கீழே வேலையை ஆரம்பித்தார். பழைய செயின் துண்டை ஒரு இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு, ரிக்கில் ராடு சுற்றாமல் பிடிக்கிற செயின் பானாவைப் போல ஒன்றைச் செய்துகொண்டார். என்னை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபக்கம் திருக, பழைய கேசட் லேசாகக் கழன்று வந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். புதியதைச் சக்கரத்தின் நடுத்தண்டில் கோத்தார். எல்லாவற்றுக்கும் மேலே மூடிபோல ஒரு வளையம். அதை முறுக்கினால் வேலை முடிந்தது.

முறுக்கும்போது கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. நிறுத்தினார். மறுபடி முறுக்கினார். கர்ர்.

“புடிக்கல” என்றார்.

ரிக்கில் ராடும் ராடும் சேரும்போது அப்படிச் சத்தம் வந்தால் மரை கடிக்கவில்லை என்று பொருளாம். சத்தம் அடங்கும்வரை முறுக்க வேண்டும். அடங்காமல் இறக்கினால் ராடு குழிக்குள் விழுந்துவிடும். குழி, ராடு, பிட் எல்லாம் போய்விடும். அவர் கையால் ஒரு ராடு விழுந்ததில்லை. பானாவின் கைப்பிடியில் ஒரு முழ நீளப் பைப்பைச் சொருகினார். மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். சத்தம் நின்றது.

“இப்பப் புடிச்சுது பாரு” என்று சிரித்தார்.

விரலால் தொட்டார். வளையம் தானாகச் சுற்றியது. முன்னாலும் சுற்றியது, பின்னாலும் சுற்றியது. கழற்றிப் பார்த்தால் நடுத்தண்டின் மரை வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு வந்திருந்தது. இரும்பில்லை, அலுமினியம்.

அவர் சக்கரத்தைத் தரையில் வைத்துவிட்டு உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

“மூச்சு போனது தெரியும் புள்ள. கையும் போச்சுன்னு இன்னிக்குத்தேன் தெரிஞ்சுது.”

அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். நான் பைப்பை எடுத்து வேலிப் பக்கம் வீசினேன். உள்ளே போய்க் கரீம் பாஷாவுக்குப் போன் போட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அவரே வந்து நின்றார், கையில் ஒரு சக்கரத்தோடு. “கண்டக்டர் கேக்குறான் தங்கச்சி, பாய், மிச்ச சைக்கிள் எங்கேன்னு. மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன், பக்கத்துல ஒருத்தரும் உக்காரலை.”

பிய்ந்த மரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “மேஸ்திரி, எத்தனை அடி பைப்பு போட்டீங்க?”

“ஒரு மொழந்தானுங்க பாய்.”

“ஏன், தண்ணி வரலையா?”

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, அவருக்கு இருமல் வந்து, நான் சுடுதண்ணீர் கொண்டு வரும்வரை ஓயவில்லை. இருமல் அடங்கியதும் கரீம் பாஷா சொன்னார். “உங்க தொழில்ல சத்தம் வந்தா பிடிக்கலைன்னு அர்த்தம். இதுல சத்தம் வந்தா பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். வளையத்துக்கு அடியில வரி வரியா வெட்டி விட்டிருக்கான், அது உக்காரும்போதே கர்ருனுதான் உக்காரும். உங்க கை மேல குத்தமில்லை. ரிக் கையி, அவ்வளவுதான். தங்கச்சி, நீங்க வாங்க.”

“நானா?”

“ஊறுகா ஜாடி தெறக்குற கைதானே. மேஸ்திரி, நீங்க எட்டி நில்லுங்க. இன்னும் எட்டி.”

புதுச் சக்கரத்தில் கேசட்டைக் கரீம் பாஷா கோத்துக் கொடுக்க, நான் பானாவைப் பிடித்து முறுக்கினேன். கர்ர் என்றது. இன்னும் என்றார். கர்ர். இன்னும். தோள் வலிக்கத் தொடங்கியபோது, “போதும், விட்டுருங்க” என்றார். என் வீட்டுக்காரர் தூரத்தில் நின்றபடி, “அது புடிச்சிருக்காது பாய், நான் சொல்றேன்” என்று முனகினார். புதுச் செயினைப் போட்டு, கம்பியை இழுத்து, கரீம் பாஷா பெடலைச் சுற்றினார். செயின் ஒவ்வொரு வட்டமாக ஏறி, கடைசி இட்லித்தட்டில் போய் உட்கார்ந்து, ஓசையில்லாமல் ஓடியது. என் வீட்டுக்காரர் கிட்டே வந்து, குனிந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று அரிசியும்பருப்பும் சாதம் போட்டேன். கரீம் பாஷா இரண்டு முறை வாங்கினார். வீட்டுக்காரரும் இரண்டு முறை வாங்கினார்.

புரட்டாசியின் கடைசி ஞாயிறு. இரவு பெய்த மழையில் தூசி அடங்கியிருந்தது. விடிகிற நேரத்தில் கிளம்பிக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்தோம். விரலில் மாட்டிப் பார்த்தேன்: தொண்ணூற்றாறு. அவர் பெரிய பல்லுக்குத் தள்ளினார். கால் சுற்றியது, சைக்கிள் ஊர்ந்தது.

“ரெண்டாவது கொண்டை” என்றார். கொஞ்சம் கழித்து, “மூணாவது கொண்டை.”

“போர்டைப் படிக்கறதெல்லாம் பேச்சாகாதுங்க.”

“பொறவு என்ன பேசறது?”

“அப்பா, உனக்குப் புடிச்ச சாப்பாடு சொல்லு” என்றாள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த இலக்கியா.

அதில் தொடங்கினார். சத்தீஸ்கரில் வாழப்பாடிக்காரர் ஒருவர் சமைத்துப் போட்ட புளிச்சாறு, நாக்பூர் ஆரஞ்சு, லாரி டயருக்கு அடியில் படுத்திருந்த நாகப்பாம்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. விக்கி விக்கி வந்தது, ஆனால் வந்தது. பதினெட்டாவதில் நாமக்கல் பையன்கள் எங்களைத் தாண்டினார்கள். ஒருவன் வேகத்தைக் குறைத்துப் பின்சக்கரத்தைப் பார்த்தான். “அண்ணா, எத்தன பல்லுண்ணா?”

“முப்பத்துநாலு!” என்றார், மகள் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல. அவன் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான்.

முப்பத்தொன்றாவது போர்டு வந்ததும் பேச்சு நின்றது. நான் கருவியை எடுத்தேன். “அதில்ல புள்ள” என்றார். மிதித்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு இங்க எறங்கினது மூச்சுக்கு மட்டுமில்ல. போனை எடுத்துப் பாத்தேன், டவரு இல்ல. இங்க விழுந்து கெடந்தா உனக்கு யாரு சொல்லுவாங்கன்னு ஒரு பயம் வந்துருச்சு. இருவத்திரெண்டு வருசம் எங்கெங்கியோ கெடந்தேன், அந்தப் பயம் ஒரு நாளும் வந்ததில்ல.”

நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

ஐம்பத்தெட்டில் இலக்கியா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள். “அம்மா, அப்பா போற வேகத்துக்கு இது நிக்கவே மாட்டேங்குது. கால ஊனி ஊனிச் செருப்பே தேஞ்சுபோச்சு. நீ எறங்கி நட, நான் முன்னால போய்ப் போய் நிக்கறேன்.” இறங்கினேன். நடந்தால் சரியாக அவருக்குப் பக்கத்தில் வர முடிந்தது. ஏற்றத்தில் நடப்பவன் தாண்டிப் போவான் என்று அவர் பயந்தது அவ்வளவு பொய்யில்லை.

அறுபத்தொன்றில் அவருக்குப் பேச்சு வரவில்லை. நிறுத்தச் சொல்லி விரலில் மாட்டினேன். எண்பத்தெட்டு. கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தேன். கீழே நாமக்கல் வரை சமவெளி புகைமூட்டமாகத் தெரிந்தது. ஐந்து நிமிஷம், எண்பத்தெட்டு. பத்து நிமிஷம், எண்பத்தொன்பது. அவர் எவ்வளவு என்று ஒருமுறையும் கேட்கவில்லை. நான்தான் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒப்பந்தம் போட்டவள் நான். பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு என்னையறியாமல், ‘ஏறு சாமி, ஏறு’ என்று அந்தக் கருவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது நிமிஷம் தொண்ணூறு. பிறகு தொண்ணூற்றொன்று. வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று திரையை அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன்.

“போலாமா?” என்றார்.

“மெதுவாத்தான்.”

“இதவிட மெதுவாப் போனா விழுந்துருவேன் புள்ள.”

மறுபடி மிதித்தார். நான் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும், “இலக்கியா பொறந்தன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது. பத்தொன்பது வருஷமாக நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகிவிடும் என்று விட்டிருந்தேன். ஜக்தல்பூர் தாண்டி ஒரு காட்டுக்குள் வண்டி நின்றிருக்கிறது. எழுநூறு அடி போயும் தண்ணீர் இல்லை. அந்த ஊரில் ஒரே ஒரு போன். அதற்கு வந்த சேதியை எடுத்துக்கொண்டு ஒருத்தன் சைக்கிளில் வந்திருக்கிறான். அறுபத்தைந்தாவது வளைவு, அறுபத்தாறு. கம்ப்ரசர் சத்தத்தில் அவன் சொல்வது கேட்கவில்லை. கையால் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டினானாம். அறுபத்தெட்டு. அன்னாசி விற்கிற பெண்கள் எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மூச்சுக்கு நடுவே நடுவே சொல்லிக்கொண்டு வந்தார். எழுபதாவது வளைவு எப்போது திரும்பியது என்று நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எட்டத்தில் இலக்கியா ஸ்கூட்டர் மேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

சாலை தட்டையாகிவிட்டது. இரண்டு பக்கமும் மிளகுக் கொடி ஏறிய மரங்கள். இனி மேட்டுக்குரிய பல் தேவையில்லை; அந்தப் பல்லில் அவர் கால் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“சமம் வந்திருச்சுங்க. பல்ல மாத்துங்க, வேகமாப் போலாம்.”

“தெரியும் புள்ள” என்றார். லீவரைத் தொடவில்லை. சைக்கிள் என் நடைக்கு நடை, பக்கத்திலேயே வந்தது.

“எங்க விட்டேன்?” என்று கேட்டார்.

“அவன் கையால ஆட்டிக் காட்டுனான்னீங்க” என்றேன்.